தண்ணீர் ஏறும் வரை

தண்ணீர் இன்னும் ஏறவில்லை. குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது, கொஞ்சம் பொறுங்க என்று கீழே மோட்டார் ரூமிலிருந்து என் வீட்டுக்காரர் வாக்கி-டாக்கியில் சொல்கிறார். பேசி முடித்ததும் ஓவர் சொல்ல வேண்டும் என்பது இங்கே சட்டம், அவர் இன்றைக்கும் மறந்துவிட்டார். பொறுக்கிறேன், எனக்கென்ன. அடைத்த காற்று அப்படியே அடைத்துக்கொண்டு கிடக்கட்டும், சாயங்காலம் வரைக்கும் கிடக்கட்டும். நாளைக்கு இந்தத் தண்ணீர்ப் பூங்காவுக்குத் திறப்பு விழா. இன்றைக்கு முதலாளி குடும்பத்தோடு வந்திருக்கிறார், வீடியோ எடுக்கிறவர்களும் வந்திருக்கிறார்கள். இந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு பெண் சறுக்கி வருவதை அவர்கள் படம் பிடிக்க வேண்டும், பெண்களும் பயமில்லாமல் வரலாம் என்று ஊருக்குக் காட்ட வேண்டும். அந்தப் பெண் நான்தான். முப்பிடாதி. பனியனில் குத்தியிருக்கும் பட்டையில் முப்பி என்று மட்டும் இருக்கிறது, சென்னையிலிருந்து வந்த மேனேஜர் ஸ்ரீவத்சன் சாருக்கு முழுப்பெயரும் வாயில் நுழையவில்லை. வீட்டில் என் வீட்டுக்காரர் மட்டும் கூப்பிடுகிற பெயர் இப்படி எல்லார் வாயிலும் வருகிறதே என்று முதல் நாள் கூசிப்போனேன். பிறகு பழகிவிட்டது. முட்டிக்கு மேல் நிற்கிற இந்தக் கால்சட்டை பழகிவிட்டது, கழுத்தில் தொங்கும் விசில் பழகிவிட்டது, தென்காசி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஆண்கள் திரும்பிப் பார்ப்பது பழகிவிட்டது. தண்ணீரில் போடுகிற மருந்தின் நெடிகூடப் பழகித்தான் இருந்தது. இந்த வாரம்தான் அது மறுபடி புதிதாகி மூக்கில் ஏறி, தொண்டைக் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாயைத் திறந்து மூச்சு விடு. கம்பியைப் பிடித்துக்கொள். வெயிலில் கம்பி காய்கிறது. இந்தச் சூடு நல்லது, சூட்டைப் பிடித்தால் குமட்டல் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. பக்கத்தில் ரோஸ்லின் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறாள். மணப்பாட்டுக் கடற்கரைக்காரி, என்னைவிடச் சின்னவள், என்னோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவள். அவளுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

எங்களுக்கு முன்னால் குழாய் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. பலகையில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர், எங்களுக்கு அது மலைப்பாம்பு. பச்சை நிறம், உள்ளே கும்மிருட்டு, நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரே இறக்கமாக இறங்கிக் கீழே குளத்தில் துப்பும். மணல் மூட்டையை வைத்துத் தள்ளிப் பார்த்துவிட்டார்கள், பையன்கள் போய்வந்துவிட்டார்கள், எத்தனையோ முறை போய்வந்துவிட்டார்கள், ஒருவனுக்கும் முழங்கை கூடச் சிராய்க்கவில்லை. குழாயில் குறை ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். குறை இருந்தால் அதைச் சொல்லித் தப்பிக்கலாம். குழாய்க்குப் பக்கத்தில் பலகை நிற்கிறது, அதைப் பார்க்கக் கூடாது என்று மலைப் பக்கம் பார்க்கிறேன். குற்றால மலை சித்திரை வெயிலில் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, அருவி விழுகிற இடத்தில் வெறும் பாறை. அதனால்தான் இந்த மாசத்தில் திறக்கிறார்கள், சீசன் வருவதற்குள் பள்ளிக்கூட லீவுக் கூட்டத்தைப் பிடித்துவிடலாம் என்று. இந்தப் பக்கம் கரண்ட் எடுக்கிற காற்றாடிகள், சுற்றாமல் நிற்கின்றன. பார்வை திரும்பத் திரும்பப் பலகைக்கே வருகிறது. இருதய நோயாளிகள், முதுகுவலி உள்ளவர்கள், கர்ப்பிணிப் பெண்கள் இதில் சறுக்க அனுமதி இல்லை. அதை மனப்பாடமாகச் சொல்லச் சொல்லி எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். வயிறு தெரியாத பெண்ணிடம் எப்படிக் கேட்பீர்கள் என்று பயிற்சிக்காரர் கேட்டார். ரோஸ்லினைத்தான் கஸ்டமராக நிற்க வைத்தார்கள், அவள் ஒய்யாரமாக இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்க, நான் போய், யக்கா விசேஷம் எதும் உண்டா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆமாட்டி, மதினி மகளுக்குச் சடங்கு இருக்கு, வந்துரு என்றாள் ரோஸ்லின். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்குள் ஒன்றும் இல்லை. இல்லையா? கணக்குப் பார்த்தால் அன்றைக்கும் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒன்று இருப்பதற்கும் அது தெரிவதற்கும் நடுவில் எத்தனை முறை இந்தப் படியில் ஏறி இறங்கியிருப்பேன், எத்தனை முறை குதித்திருப்பேன். தெரியாமல் குதித்தது கணக்கில் வருமா? தெரிந்து குதித்தால் மட்டும்தான் வருமா? யாரிடம் கேட்பது.

இங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, முன்னே பின்னே பார்த்திராத மருந்துக் கடையில்தான் கர்ப்பம் பார்க்கிற அந்தப் பட்டையை வாங்கினேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் நைட் டூட்டிக்குப் போன நேரம் பார்த்து வீட்டில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடு. முதல் கோடு உடனே வந்துவிட்டது, இரண்டாவது வருமா வராதா என்று மெல்ல மெல்ல, வெட்கப்பட்டு வருகிற மாதிரி வந்தது. சந்தோஷமாக இருந்ததா? இருந்திருக்க வேண்டும். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அதைக் காகிதத்தில் சுற்றியது, சுற்றியதை இன்னொரு காகிதத்தில் சுற்றியது, மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டோரக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தது. சொல்லக் கூடாது. சொன்னால் போய்விடும். இது மூடநம்பிக்கை என்று எனக்குத் தெரியாதா, நானும் பி.பி.எட். படித்தவள்தான், உடம்பைப் பற்றிப் பரீட்சை எழுதிப் பாஸானவள்தான். ஆனால் போன முறை சொன்னோம். நாள் தள்ளிப்போன அந்த வாரமே சொன்னோம், நான் அவரிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிவிட்டார். அல்வா வாங்கி வந்து தெருவில் வீடு வீடாகக் கொடுத்தார். நான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, வேண்டாம் இவ்வளவு சீக்கிரம் என்று சொல்ல நினைத்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் நின்றேன். அப்படி ஒரு முகத்தை அவருக்கு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிரில் நடத்திக்கொண்டிருந்தபோது, கால் வழியாக. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். நினைத்தால் உடம்புக்குக் கேட்கும். அல்வா வாங்கித் தின்ற வீடுகளுக்கெல்லாம் யார் போய்ச் சொல்வது? ஒருத்தரும் போகவில்லை. அதனால் ஒவ்வொருத்தியாக வந்து எத்தனை மாசம் எத்தனை மாசம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், ஒவ்வொருத்திக்கும் நான் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லச் சொல்ல அது மறுபடி மறுபடி போயிற்று. ஒரே பிள்ளையை எத்தனை தடவை இழப்பது. அவர் அந்தத் தெரு வழியாக வருவதை நிறுத்திவிட்டார், வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்கு வருவார். அத்தை, அவருடைய அம்மா, பொம்பளப் பிள்ள எந்நேரமும் தண்ணிக்குள்ள கெடந்து ஆடுனா எப்பிடி நிக்கும் என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த வாரம் நான் ஆற்றில் நீந்தியிருந்தேன், அது உண்மை. நீச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா சொன்னதும் உண்மை. இரண்டு உண்மையும் தலைக்குள் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருக்கின்றன, ஒன்றில் விளக்கை அணைத்தால் இன்னொன்றில் எரிகிறது.

வாக்கி கரகரக்கிறது. மேனேஜர் சார், என்னப்பா ஆச்சு மோட்டாருக்கு என்று கேட்கிறார். வால்வைத் திறந்துவிட்டிருக்கேன் சார், காத்து வெளிய வருது, இப்ப ஏறிரும் என்கிறார் இவர். குரலில் ஒரு சுறுசுறுப்பு. தன் பெண்டாட்டிக்காகத் தண்ணீர் ஏற்றுகிற சுறுசுறுப்பு. காலையில் டிபன் டப்பாவைக் கையில் கொடுக்கும்போது, இன்னைக்கு ஒன்ன எல்லாரும் பாக்கப் போறாங்க என்றார், அவர் கண்ணில் அந்த அல்வா முகத்தில் பாதியாவது இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது இங்கேதான். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அவர் கிணற்று மோட்டார் ரிப்பேருக்கு ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார், என் பள்ளிக்கூட வேலை பிள்ளை போனபோது எடுத்த லீவோடு போயிற்று. யுனிவர்சிட்டி வரைக்கும் நீந்தி வாங்கிய மெடல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருந்தபோதுதான், நீந்தத் தெரிந்த பெண்கள் தேவை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நீந்தத் தெரிந்த பெண்கள். அதைப் படித்ததும் என் பெயரை யாரோ ரோட்டில் சத்தமாகக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. பீடி சுற்றிய கையோடு அம்மா வந்து, ஆத்துல குதிச்சதுக்கு அடிச்சேனே, அதுக்கு இப்பச் சம்பளம் தாறாங்களா என்றாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு இங்கே டிக்கெட் கவுன்டரிலும் கேன்டீனிலும் வந்து நிற்கிறார்கள். இன்டர்வியூவில் ஒரு பெண் அதிகாரி கேட்டாள், சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், இப்போதைக்குக் குழந்தை எதுவும் பிளான் இல்லையே என்று. இல்லை மேடம் என்றேன். பிளான் இல்லாமல்தான் இருந்தோம். ஒருவரை ஒருவர் தொடவே பயந்துகொண்டிருந்த நாட்கள் அவை, அதையா அவளிடம் சொல்ல முடியும். வேலை கிடைத்து, இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்பி, ஜன்னலோரம் நான் தூங்கி அவர் தோளில் விழுந்து, அப்படித்தான் பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. இந்த இடம்தான் கொடுத்தது. இந்த இடமே இப்போது திருப்பிக் கேட்கிறது.

சத்தம் வருகிறது. முதலில் கோபுரத்தின் இரும்புக் காலில் ஒரு நடுக்கம், பிறகு பெரிய குழாய்க்குள் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி. ரோஸ்லின் பாட்டை நிறுத்திவிட்டு, வருதுக்கா என்கிறாள். எனக்குத் தெரிகிறது, அதற்கு முன்னாலேயே உள்ளங்காலில் தெரிந்துவிட்டது. மேல்வாயில் முதலில் காற்று சீறுகிறது, துரு கலந்த சிவப்புத் தண்ணீர் கொஞ்சம் துப்புகிறது, பிறகு வெள்ளையாக, பிறகு ஒரேயடியாக. மலைப்பாம்பின் வாய்க்குள் தண்ணீர் ஓடி இருட்டுக்குள் காணாமல் போகிறது. அது போகிற வேகத்தைப் பார். அதற்குப் போகத் தெரியும், போனது திரும்பாது. காலையிலிருந்து ஒரு பொய்யை வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். கால் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லிவிடலாம், ரோஸ்லின் போகட்டும், அவளுக்கு ஆசைதான். ஆனால் அது இன்றைக்குத்தானே. நாளையிலிருந்து தினமும் காலையில் கூட்டத்தை விடுவதற்கு முன்னால் நாங்கள் ஒரு முறை சறுக்கிப் பார்க்க வேண்டும், அதுதான் வேலை. தினமும் ஒரு காலா சுளுக்கும். போய்விட்டால் என்ன? வழவழப்பான குழாய், கூட வருவது தண்ணீர், நான் மீன் மாதிரி, எத்தனையோ பேர் தெரியாமல் போயிருப்பார்கள், ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். ஆகிவிட்டால் அது இதனால்தான் ஆயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது, யாருக்குமே தெரியாத ஒன்று யாருக்கும் தெரியாமல் போகும், இந்த முறை தெருவில் ஒருத்தியும் வந்து கேட்க மாட்டாள், அவர் வாய்க்கால் கரையைச் சுற்ற வேண்டியதில்லை. இதை நினைத்தது யார்? நானா? இப்படி ஒன்றை நினைக்கிறவள் வயிற்றில் எது தங்கும். இல்லை, அப்படியில்லை, நான் அப்படி நினைக்கவில்லை, நினைப்பு அதுவாக வந்தது, ஈ வந்து உட்கார்கிற மாதிரி வந்து உட்கார்ந்தது. போ. போ அந்தப் பக்கம்.

தண்ணி ஓகே, முப்பி உக்காருங்க, கேமரா ரெடி, ஓவர் என்கிறார் மேனேஜர். உட்காருகிறேன். பழக்கம், விசில் ஊதினால் உட்கார்ந்துவிடுகிற பழக்கம். தண்ணீர் முதுகில் வந்து முட்டுகிறது, இடுப்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் ஓடுகிறது, வா வா என்று இழுக்கிறது. தண்ணீர் என்னை இழுத்து நான் போகாமல் இருந்தது இதுவரை நடந்ததில்லை. இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்திருக்கிறேன். கைகளை மார்பில் குறுக்காக வைக்க வேண்டும், கணுக்காலைப் பின்னிக்கொள்ள வேண்டும். சவப்பெட்டிக்குள்ள படுத்த மாதிரி என்று பயிற்சியில் சொல்லிவிட்டு ரோஸ்லினே பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள். கையை எடுக்க வேண்டும். எடுத்தால் அவ்வளவுதான், முடிவு செய்ய ஒன்றும் இருக்காது. கை எடுக்க மாட்டேன் என்கிறது. என் கை அது, நான்தான் மாட்டேன் என்கிறேன், ஆனால் அதன் வெள்ளை வெளேரென்ற விரல்முட்டிகளைப் பார்க்கும்போது வேறு யாரோ என்னைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரிதான் இருக்கிறது. ரோஸ்லின் குனிந்து முகத்தைப் பார்க்கிறாள். என்னக்கா. அவளுடைய வாக்கிக்காகக் கையை நீட்டுகிறேன், ஒரு கைதான், இன்னொன்று கம்பியில்.

சார், கால் சுளுக்கிக்கிடுச்சு, ரோஸ்லின் போகட்டும், ஓவர் என்கிறேன். பிறகு மேனேஜர், கோபமாக இல்லை, பொறுமையாகத்தான், முதலாளி வெயிலில் நிற்கிறார், இப்போதுதானே படியேறிப் போனீர்கள், சறுக்குவதற்குக் கால் எதற்கு முப்பி, உட்கார்ந்தால் போதுமே என்கிறார். அது சரிதான். எவ்வளவு சரியாகச் சொல்கிறார். என்னிடம் வேறு பொய் இல்லை. ஒரே ஒரு பொய்தான் கொண்டுவந்திருந்தேன். தண்ணீர் முதுகைத் தள்ளுகிறது. அப்போது வாக்கியில் இன்னொரு குரல், கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

"முப்பி, எந்தக் காலு? காலம்பற நல்லாத்தான நடந்த?"

எந்தக் கால் என்று கேட்கிறார். மேனேஜர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதோ, முதலாளி பக்கத்தில் நிற்கிறார் என்பதோ, நான் உட்கார்ந்திருப்பது மலைப்பாம்பின் வாயில் என்பதோ அவருக்கு ஒன்றும் இல்லை, அவருக்குத் தெரிய வேண்டியது எந்தக் கால். வாக்கியின் பொத்தானை அழுத்துகிறேன். பிரெக்னன்ட் என்று சொல்லவேண்டும் என்றுதான் ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், அந்தச் சொல்லில் பயம் குறைவு, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெள்ளையாக இருக்கும். வாயில் வந்தது அது இல்லை.

"கால் இல்லங்க. நான் முழுகாம இருக்கேன். ஓவர்."

ஓவர் ஏன் சொன்னேன். பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான், டிக்கெட் கவுன்டரில் ஒரு வாக்கி, கேன்டீனில் ஒன்று, வாசல் செக்யூரிட்டியிடம் ஒன்று, மேனேஜர் இடுப்பில் ஒன்று என்று ஒவ்வொன்றாக நினைவு வருகிறது, தண்ணீரில் விழுந்த பிறகு ஆழம் தெரிகிற மாதிரி. ரோஸ்லின் வாயில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள். போயிற்று, சொல்லியாயிற்று, இனி அது போகும், இனி போவதுதான் பாக்கியா என்று வயிற்றைக் கேட்கிறேன். அப்போது முதுகில் முட்டுகிற தண்ணீர் மெலிகிறது. முதலில் எனக்குத்தான் உணர்ச்சி போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை, தண்ணீர் நிஜமாகவே குறைகிறது, இடுப்பளவு சுற்றியது தொடையளவாகி, ஓரமாக ஒரு கயிறு மாதிரி ஓடி, சொட்டி, நிற்கிறது. இரும்புக் காலின் நடுக்கம் நிற்கிறது. கீழே மேனேஜர், மோட்டாரை நிறுத்தியது யார் என்று கேட்கிறார், இப்போது கோபமாகத்தான் கேட்கிறார்.

"நாந்தான் சார். அவ எறங்கட்டும். எறங்குன பொறவு போடுதேன்."

ரோஸ்லின் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறாள். நீ போக்கா, மெதுவாப் போ, இத நான் பாத்துக்கிடுதேன் என்று என் இடத்தில் போய் உட்கார்ந்து கணுக்காலைப் பின்னிக்கொள்கிறாள். படியில் இறங்குகிறேன். இந்தப் படியில் ஒரு நாளும் கம்பியைப் பிடித்ததில்லை, இன்றைக்குப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு காலை வைத்து, கிழவி மாதிரி இறங்குகிறேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பூங்கா ஒவ்வொரு பக்கமாகத் தெரிகிறது. அலைக்குளம், சின்னப் பிள்ளைகளுக்கான காளான் குடை, காயாத பெயிண்ட், வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள். வாழைமரம் கட்டுகிறவர்களும் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். டிக்கெட் கவுன்டர் பெண்கள் வெளியே வந்து நிற்கிறார்கள். ஒருத்தி கையாட்டுகிறாள். மறுபடி ஒரு தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, இந்த முறை அல்வாகூட இல்லாமல். நாளைக்கும் இவர்கள் இருப்பார்கள், அடுத்த வாரமும் இருப்பார்கள், அடுத்த வாரம் என்ன கேட்பார்கள். அதை அப்போது நினை, இப்போது அடுத்த படி. அதற்கு அடுத்த படி. மோட்டார் ரூம் வாசலில் அவர் நிற்கிறார், வெயிலுக்குக் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார், அசையவில்லை. என் கால் கடைசிப் படியை விட்டுத் தரையில் பட்ட பிறகுதான் உள்ளே போகிறார். மோட்டார் உறுமுகிறது. கொஞ்ச நேரத்தில் ரோஸ்லினின் கூச்சல் தலைக்கு மேல் குழாய்க்குள் வளைந்து வளைந்து ஓடுகிறது, சந்தோஷக் கூச்சல், குளத்தில் வந்து வெடிக்கிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். முதலாளியும் தட்டுகிறார். நானும் தட்டுகிறேன், கை தட்டிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் பக்கத்தில் வந்து நிற்கிறார். என் முகத்தைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துக்கொண்டு, இன்டர்வியூல இல்லன்னு சொன்னீங்களே என்கிறார். அப்ப இல்ல சார் என்கிறேன். அவர் தலையை ஆட்டுகிறார், அவரும் பிள்ளை பெற்றவர்தான், மேசையில் போட்டோ வைத்திருக்கிறார். நாளைக்கு லாக்கர் பக்கம் நில்லுங்க, மத்ததை விழா முடிஞ்சு பேசுவோம் என்று சொல்லிவிட்டு முதலாளியை நோக்கி நடக்கிறார். மற்றது என்றால் எது. என் வேலையா, மோட்டாரை நிறுத்தியவர் வேலையா, இரண்டுமா. கேட்கவில்லை. விழா முடியட்டும்.

மோட்டார் ரூமுக்குள் போகிறேன். கீழே இருக்கிற எல்லாத் தண்ணீரையும் மேலே தள்ளுகிற மோட்டார்கள் இங்கேதான் வரிசையாக இருக்கின்றன, காது அடைத்துவிடும், ஒரு வார்த்தை பேச முடியாது. அவர் திரும்பிப் பார்க்கிறார். கோபமா? ஏன் என்னிடம் சொல்லவில்லை என்கிற முகமா? தெரியவில்லை, முகம் முழுக்க வேர்வை. ஸ்டூலை இழுத்து, தன் சட்டையால் துடைத்து, சுவரோரம் காற்று வருகிற இடத்தில் போடுகிறார். உட்காருகிறேன். எதிரே குத்தவைத்து உட்கார்ந்து வாயசைத்து ஏதோ கேட்கிறார், கேட்கவில்லை என்று தலையசைக்கிறேன். கையை விரித்துக் காட்டிக் கேட்கிறார். எத்தனை வாரம் என்கிறார். ஒரு கை விரல்கள் முழுவதையும் விரிக்கிறேன். இன்னொரு கையில் ஒன்றை நீட்டுகிறேன், இன்னொன்றை நீட்டும்போதே எனக்கு நினைவு வந்துவிட்டது, போன முறை போனது இதற்குப் பக்கத்தில்தான், இன்னும் ஒன்றிரண்டு விரல்தான். அவருக்கும் நினைவு வந்துவிட்டது, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண் அப்படியே நின்றுவிட்டது. அந்த விரல் பாதி எழுந்து நடுவில் நிற்கிறது, மேலேயும் போகவில்லை, மடங்கவும் இல்லை. அவர் என் இரண்டு கையையும் சேர்த்து, எல்லா விரலையும் உள்ளே மடக்கி, கிரீஸ் அப்பிய தன் கைகளுக்குள் வைத்து மூடிப் பிடித்துக்கொள்கிறார். எண்ணாதே என்கிறாரா. தரை அதிர்கிறது, சுவர் அதிர்கிறது, ஸ்டூல் அதிர்கிறது. உள்ளே விரல்கள் நடுங்குகின்றன, என்னுடையவையா அவருடையவையா என்று இந்த அதிர்வில் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.